குனிந்து நடக்கும் தெரு

"எதுக்குய்யா சாய்ச்சீங்க? நிமிர்த்திக் கொண்டுவந்த பீரோவை நட்ட நடுத்தெருவுல எதுக்குய்யா சாய்ச்சீங்க?"

"இடிக்கும்ல, சார்."

"எது இடிக்கும்? அங்க என்ன இருக்கு? காமி! கையை நீட்டிக் காமிய்யா!"

மூத்த சுமைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். அவர் விரல் காட்டிய இடத்தில் வெயில் இருந்தது. வெயிலுக்கு மேலே வானம். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. விஷயம் கீழேதான் கிடந்தது. புத்தம் புதிய இரும்பு பீரோ, கதவிலிருந்த கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டு, தெருவில் மல்லாந்து கிடந்தது.

ஓவர்சியர் தன் வீட்டு வாசற்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மாநகராட்சியில் முப்பது வருஷம் ஓவர்சியராகக் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம். குரல் அதைவிட உயரம். ஆனால் எவ்வளவு கத்தினாலும் அவர் படியை விட்டு இறங்கவில்லை என்பதைத் தெரு கவனித்தது. பீரோ கிடந்த இடம் படியிலிருந்து பத்தடிகூட இருக்காது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றார் பீரோவின் பின்பக்கம் பிடித்து வந்த தொப்பைக்காரர். வேறு பேட்டையிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக இந்தத் தெருவுக்குள் வந்தவர். "அண்ணன் குனிஞ்சாரு, நானும் குனிஞ்சேன்."

"ஒம்பது வருஷம் ஆச்சுய்யா அந்த வளைவை இடிச்சு! நான்தான் இடிச்சேன். பக்கத்துல நின்னு கடைசிக் கல்லு வரைக்கும் இடிச்சேன்!"

"தெரியும் சார்," என்றார் மூத்தவர் சாவதானமாக. அவர் இதே தெருவில் பிறந்தவர். "நீங்க அதை இடிச்சீங்க. அது எங்களை இடிக்குது. நாங்க என்ன பண்றது, சொல்லுங்க."

தெருவில் இரண்டு மூன்று ஜன்னல்களில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஓவர்சியர் வாயைத் திறப்பதற்குள் மகள் உள்ளேயிருந்து வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள். பீரோ அவளுக்காக வாங்கியதுதான்.

"அவங்களை ஏம்ப்பா திட்றீங்க? கண்ணாடிதானே."

"கண்ணாடிதானேவா? நல்ல காரியத்துக்கு வாங்கினது, வாசலுக்கு வர்றதுக்குள்ள..."

"முதல்ல நல்ல காரியம் நடக்கட்டும். அத்தை வந்தாதான் கையெழுத்துப் போடுவேன்னு போன வாரமே சொல்லிட்டேன். அத்தை வரலைன்னா இந்தப் பீரோவுல நீங்களே உங்க சட்டையை மாட்டிக்குங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கி, சுமைக்காரர்களோடு சேர்ந்து பீரோவைத் தூக்கப் போனாள். போகிற போக்கில், அந்த இடத்துக்கு வந்ததும், தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். பெற்ற மகளே குனிகிறாள். ஓவர்சியர் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

*

வளைவு என்றால் பெரிய அலங்கார வளைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தெருவின் இருபக்கத்து வீடுகளையும் மாடியில் இணைத்துக் கட்டிய ஓர் அறை, அதைத் தாங்கிய கல்வளைவு, அவ்வளவுதான். கட்டிய காலத்தில் அதன் கீழே குதிரைக்காரன் குதிரையில் உட்கார்ந்தபடியே போனானாம். பிறகு தெருவுக்கு ரோடு போட்டார்கள். ரோட்டின் மேல் ரோடு போட்டார்கள். அதன் மேல் இன்னொன்று. வளைவு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. தெருதான் அதை நோக்கி ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஐந்தடி ஏழு அங்குலத்தில் வந்து நின்றது. கடைசி இரண்டு ரோட்டைப் போட்டவர் யார் என்று கேட்டால் ஓவர்சியர் பேச்சை மாற்றிவிடுவார்.

வளைவின் மேலிருந்த அறையில்தான் அவருடைய அக்கா தையல் மிஷினோடு இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த மிஷினை மிதித்துத்தான் தம்பியைப் படிக்க வைத்தாள். தம்பிக்குக் கல்யாணமாகி, மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டுத் தம்பி பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபோது, குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து வளர்த்தவளும் அவள்தான். ஜன்னல் நேராகத் தெருவைப் பார்த்திருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு, சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அக்கா மிஷினை நிறுத்தாமல் தலையை மட்டும் வெளியே நீட்டி ஒரு குரல் கொடுப்பாள்.

"தலை!"

அவ்வளவுதான். நூறு தலைகள் குனியும். யாராவது அவளிடம் எரிச்சல்பட்டால், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகட்டுமேன்னு சொன்னேன், தப்பா?" என்பாள்.

நாளாவட்டத்தில் அந்தச் சொல் தெருவின் சொந்தச் சொத்தாகிவிட்டது. எதிரில் வருகிறவரைப் பார்த்து மற்ற தெருக்களில் "சௌக்கியமா?" என்பார்கள். இங்கே "தலை!" என்பார்கள். பதிலும் "தலை!"தான். மார்க்கெட்டில் யாராவது ஒருவர் காரணமில்லாமல் குனிந்து ஒரு கடைக்குள் நுழைந்தால், "நீங்க அந்தத் தெருவா?" என்று கேட்பார்கள். ஊரில் எல்லோருக்கும் தலைகுனிவு என்றால் அவமானம். இந்தத் தெருவுக்கு அதுதான் முகவரி.

பிறகு தெருக்கோடி கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வளைவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆள்சேதம் இல்லை, ஆனால் கிடங்கு கரிக்கட்டை. வளைவை இடிக்க வேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்தது. நியாயமான முடிவுதான், அதைத் தெருவும் மறுக்கவில்லை. தகராறு வேறு இடத்தில் வந்தது. நோட்டீஸை வேறு யாரையாவது விட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். ஓவர்சியர் தானே கொண்டுபோனார். கடமை என்று வந்துவிட்டால் அக்காவாவது தம்பியாவது என்று நாலு பேர் மெச்ச வேண்டும் அவருக்கு. ஏணிப்படி ஏறி, அக்காவின் அறை வாசலில் நின்று, இரண்டு சிப்பந்திகளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். அதில் அந்த அறைக்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர் போட்டிருந்தது. அந்தச் சொல்லை எழுதியவரும் அவர்தான்.

அக்கா மிஷினை நிறுத்தினாள். கையெழுத்துப் போட்டாள். "சரிங்க, சார்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் அவரைத் 'தம்பி' என்றோ 'டேய்' என்றோ கூப்பிடவில்லை. கீழ்வீட்டில் வந்து இரு என்று அவர் சொன்னதற்கும் "வேண்டாங்க, சார்". ஊருக்கு வெளியே மாநகராட்சி ஒதுக்கிய அடுக்குமாடியில் நாலாவது மாடிக்குப் போய்விட்டாள். ஒன்பது வருஷம்.

அவள் போனாள். குரல் போகவில்லை.

இடித்த கல்லையெல்லாம் அள்ளிய மறுநாள், நாலு மணிக்கு, வெறும் ஆகாயத்திலிருந்து "தலை!" என்று கேட்டது. முடிவெட்டும் கடைக்காரர்தான் முதலில் கேட்டார். அவர் கடை, தெரு முக்கில். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குள் குனிந்தாராம். வாடிக்கையாளரின் காது தப்பியது அவருடைய அதிர்ஷ்டம். செத்தவர்களின் குரல் கேட்பதை ஊரில் பலரும் சொல்வதுண்டு. உயிரோடு இருக்கிறவள், பஸ் ஏறிப் போனால் முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிடக்கூடியவள், அவளுடைய குரல் கேட்டால் அதற்கு என்ன பெயர் வைப்பது? தெரு பெயரெல்லாம் வைக்கவில்லை. குனிந்தது. வளைவு போன பிறகு பிறந்து, இப்போது மூன்றடி உயரம் இருக்கும் குழந்தைகூடக் குனிகிறது. மழை வந்தால் நாலு பேர் அந்த இடத்தில் ஒதுங்கி நிற்பார்கள். நனைவார்கள், ஆனாலும் நிற்பார்கள். போன வருஷம் தெருக்கோடியில் மறுபடி தீப்பிடித்தபோது, தீயணைப்பு வண்டி ஓட்டிவந்தவர் இதே தெருப் பையன். சரியாக அந்த இடத்தில் பிரேக் போட்டு, இறங்கி, அங்கிருந்தே குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார்.

ஓவர்சியருக்கு மட்டும் அந்தக் குரல் கேட்கவில்லை. ஒருநாள்கூட.

"பிரமை," என்பார். "தெருவே சேர்ந்து பைத்தியம் பிடிச்சு ஆடுது. நான் குனியறனா? எனக்கு இடிக்குதா?" தலைக்கனம் பிடித்த மனுஷர் என்று தெரு சொல்லும். சொல்லிவிட்டுத் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அப்புறம் சொல்லலாம்.

மகளுக்கு வாய்த்த மாப்பிள்ளையும் இந்த வளைவு கொண்டுவந்ததுதான். ஊரின் புது வரைபடத்துக்காகத் தெருத் தெருவாக அளந்துகொண்டு வந்தவர். அவருக்கு எல்லாத் தெருவும் ஒன்றுதான்: நீளம், அகலம், சாக்கடை எந்தப் பக்கம். இங்கே வந்து நாடாவைப் பிடித்தவர், போகிற வருகிற ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் குனிவதைப் பார்த்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்றாம் நாள் அவரே குனிந்தார். அதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஓவர்சியர் மகள், அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள் என்று சொல்கிறார்கள்.

வரைபடத்தில் அந்த இடத்தில் அவர் ஒரு புள்ளிக்கோடு போட்டார். இப்போது இல்லாத, ஆனால் இருந்த கட்டடத்துக்கு அப்படித்தான் போடுவார்களாம். ஓவர்சியர் காகிதத்தைத் தட்டி, "இங்க ஒண்ணும் இல்லையே மாப்பிள்ளை, எதுக்கு இது?" என்றார்.

"இல்லதான் மாமா. ஆனா அதை எடுத்துட்டா, இது எந்தத் தெருன்னு எனக்கே தெரியல."

*

பீரோ விழுந்த நாலாம் நாள், ஓவர்சியர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனார். கல்யாணத்துக்கு மூன்றே நாள். மகள் சொன்னால் சொன்னதுதான். வளர்த்தவள் புத்தி.

ஊருக்கு வெளியே எட்டுக் கட்டடங்கள் நின்றன. ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழுந்தால்தான் எது எது என்று தெரியும். எந்தக் கட்டடம் என்று கேட்டதற்கு, "மூணாவதா? இல்ல, நாலாவதா?" என்று அங்கே இருப்பவர்களே குழம்பினார்கள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியபடி கதவைத் தட்டினார்.

அக்கா திறந்தாள். இளைத்திருந்தாள். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவாகவே எப்போதும் இருந்தவள், இப்போது இன்னும் குறைந்திருந்தாள்.

"வாங்க, சார். உக்காருங்க."

"அக்கா, எத்தனை வருஷத்துக்கு இந்த சார்?"

"பதவிக்குத் தர்ற மரியாதைங்க. ஓய்வு வாங்கினா மரியாதை போயிடுமா?"

ஜன்னலோரம் அதே தையல் மிஷின். அதில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை பாதியில் இருந்தது. அவள் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள்.

"எப்படி இருக்கு இந்த இடம்?" என்று கேட்டார், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"என்னத்தைச் சொல்ல. தண்ணி வருது, கரண்ட் இருக்கு. ஒம்பது வருஷமா இருக்கேன், இந்த எடத்துக்கு இன்னும் ஒரு கெட்ட பழக்கம்கூட வரலைங்க. இங்க இருந்து எவனாவது வெளியூர் போனா, எந்தப் பேட்டைக்காரன்னு யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது."

"வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் கல்யாணம்."

"தெரியும். தினமும் போன்ல பேசறா."

"நீ வராம கையெழுத்துப் போட மாட்டேங்கறா."

"அது அவ இஷ்டம். நான் ஆக்கிரமிப்புக்காரி. எனக்கு எதுக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவள், வாக்கியத்தின் நடுவில், கால் மிஷினை மிதித்தது மிதித்தபடி இருக்க, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய அசைவு, ஒரு நூலிழை மாறாமல். அவர் எழுந்து எட்டிப் பார்த்தார். கீழே, நாலு மாடி ஆழத்தில், காலியான சிமென்ட் தரை. மனுஷ நடமாட்டம் இல்லை.

"த..."

"யாருக்குக்கா சொல்றே?" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை, அவ்வளவு சின்னதாக இருந்தது.

அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. அவள் கீழே பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். தூக்கத்தில் நடக்கிறவளைத் தொட்டு எழுப்பியதுபோல முகம் வெளுத்துவிட்டது. சுவரில் இருந்த கடிகாரம் நாலு மணி காட்டியது.

"நான்... தினமும் இப்படியா சொல்றேன்?"

அவருக்கு என்ன தெரியும்? அக்கா மிதிக்கட்டையிலிருந்து காலை எடுத்தாள். பிறகு அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்:

"உங்க வீட்டுலேருந்து மெயின் ரோட்டுக்கு எப்படிப் போறீங்க, சார்?"

"எப்படின்னா? நடந்துதான்."

"எந்த வழியா?"

ஓவர்சியர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது சொல்லிவிடலாம். வளைவு போன நாளிலிருந்து ஓவர்சியர் அந்த இடத்தைத் தாண்டியதே இல்லை. ஒரு தடவைகூட. கொல்லைக் கதவைத் திறந்து, சாக்கடைச் சந்து வழியாகச் சுற்றி, அரை மைல் அதிகம் நடந்துதான் மெயின் ரோட்டுக்குப் போவார். கேட்டால், "சர்க்கரை இருக்கு, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்பார். குனியாத மனுஷனின் ரகசியம் இதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தெருவுக்கு முதல் வாரமே தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. யார் சொல்லியிருப்பார்கள் என்று நம்மைப் பார்த்தால் என்ன அர்த்தம்?

"வியாழக்கிழமை மூணே முக்காலுக்கு ஆட்டோவுல வருவேன்," என்றாள் அக்கா. "தெரு முக்குல நிக்கறேன். முன்வாசல் வழியா நடந்து வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க. சந்து வழியா வந்தீங்கன்னா அதே ஆட்டோவுல திரும்பிடுவேன்."

"அவ்வளவுதானா? குனியணுமா?"

"அதை நான் சொல்லலைங்க. நடக்கத்தான் சொன்னேன்."

*

அன்று சாயங்காலம் அவர் சந்துக்குள் நுழையப் போகும்போது முடிவெட்டும் கடைக்காரர் கூப்பிட்டார்.

"ஓவர்சியர்! கேட்டீங்களா சங்கதி? இன்னிக்கு என்னமோ குரல் அரைகுறை. வெறும் 'த'ன்னு கேட்டுச்சு. அதோட நின்னுபோச்சு. யாரோ வாயைப் பொத்தின மாதிரி."

ஓவர்சியர் கடை வாசலிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் பாக்கி இல்லை. வெட்ட முடி அதிகம் இல்லாத தலையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கடைக்காரர், "ஷேவிங்கா?" என்று கேட்டுவைத்தார்.

மறுநாள் புதன்கிழமை. நாலு மணி அடித்தது. தெரு காது கொடுத்துக் காத்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

பழகிப்போன சத்தம் நின்றால் எப்படி இருக்கும் என்று, ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போன மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நாலே காலுக்குக் கூரியர்க்காரர் அந்த இடத்தில் "ஐயோ!" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வேர்வையில் கால் வழுக்கி வண்டியின் கைப்பிடியில் இடித்துக்கொண்டேன் என்றார். வண்டி ஸ்டாண்டு போட்டு ஆறடி தள்ளி நின்றது. ஐந்து மணிக்கு முட்டைக்கடை அண்ணன். ஆறு மணிக்கு மாப்பிள்ளை. மூன்று பேர் நெற்றியிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரு புடைப்பு. மகள் ஒரு துணியில் ஐஸ்கட்டியைச் சுற்றி மாப்பிள்ளையின் நெற்றியில் வைத்துக்கொண்டே அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது ஓவர்சியருக்கு.

"கல்யாணத்தன்னிக்கு இந்த நெத்தியோடயா போட்டோ எடுக்கப் போறீங்க?" என்றார் மாப்பிள்ளையிடம், சும்மா இருக்க முடியாமல்.

"எப்படி இடிச்சுதுன்னு தெரியல மாமா. வழக்கமா அந்த நாலு மணிக் குரல் நாள் பூரா காதுலயே நிக்கும். நான் குனிவேன். இன்னிக்கு யாரும் சொல்லல."

*

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்குத் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அதாவது எல்லோரும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார்கள். முடிவெட்டும் கடைக்காரர் ஒரே வாடிக்கையாளரின் ஒரே கிருதாவை இருபது நிமிஷமாக வெட்டிக்கொண்டிருந்தார். தெரு முக்கில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஒரு சின்ன உருவம், மடியில் ஒரு துணிப்பை.

ஓவர்சியர் படியில் நின்றார். பத்தடி. முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் அடி ரோடு போட்டிருப்பார், இந்தப் பத்தடி அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வலதுகாலை எடுத்து வைத்தார். இடதுகாலை வைத்தார். நிமிர்ந்தேதான் நடந்தார். குனியக் கூடாது என்று மனசுக்குள் உறுதி. 'அங்கே ஒன்றும் இல்லை. நான்தான் இடித்தேன். அங்கே ஒன்றும் இல்லை.'

ஏழாவது அடியில் வெயில் நின்றது.

மேகம் இல்லை. இரண்டு பக்கமும் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் மேல் மட்டும், தோளில், கையில், கல்லின் குளிர்ச்சியோடு ஒரு நிழல் இறங்கிற்று. மிஷின் எண்ணெய் வாசனை வந்தது. மேலே, மிக அருகில், பலகைத் தரையில் மிதிக்கட்டையின் கடகடவென்ற சத்தம். அவருக்குப் பதினேழு வயதில் ஒரே வருஷத்தில் நாலு அங்குலம் வளர்ந்து, தினமும் இடித்துக்கொண்டு வந்து நின்றபோது, அக்கா கத்தரித்த துணியைத் தண்ணீரில் நனைத்து நெற்றியில் வைத்துவிட்டு, "வளர்றது தப்பில்லடா, எங்க வளர்றோம்னு தெரிஞ்சு வளரு" என்று சொன்னது ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டு அன்றையிலிருந்துதான் அவள் ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட ஆரம்பித்தாள். நூறு சைக்கிளுக்காக அல்ல. முதல் குரல் அவருக்காகத்தான். அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். குரல் வரவில்லை. வருவதற்கு அவள் மேலே இல்லை. அங்கே ஆட்டோவில், கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓவர்சியர் குனிந்தார். சாஸ்திரத்துக்குத் தலையை ஆட்டும் குனிதல் இல்லை. ஆறடிக்காரன் ஐந்தடி ஏழு அங்குலத்துக்குள் நுழைய எவ்வளவு குனிய வேண்டுமோ அவ்வளவு. முதுகு எலும்பு சொடக்கென்றது முடிவெட்டும் கடை வரைக்கும் கேட்டது. குனிந்தபடியே மூன்று அடி நடந்து, அந்தப் பக்கம் போய், வெயிலில் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. வெயில் கண்ணில் குத்தியதாக அப்புறம் சொன்னார். சொல்லிக்கொள்ளட்டும்.

அக்கா இறங்கினாள். துணிப்பையை அவர் கையில் கொடுத்தாள், சின்ன வயதில் கடைக்குப் போய்த் திரும்பும்போது கொடுப்பதுபோல. இருவரும் நடந்தார்கள். அவள் ஓரடி முன்னால். அவளுக்கு அந்த வளைவு ஒருநாளும் இடித்ததில்லை. நாலடி பதினோரு அங்குலத்துக்கு எது இடிக்கும்? வாழ்நாளெல்லாம் ஊரையே குனிய வைத்தவள், தான் மட்டும் நிமிர்ந்து போய் வந்தவள். ஜன்னல்களுக்குப் பின்னால் தெரு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. எங்கோ ஒரு வீட்டில் நாலு மணி அடித்தது.

மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ஓவர்சியர் கத்தினார். கத்துவதில் அவருக்கு அனுபவம் உண்டு.

"அக்கா, தலை!"

அக்கா குனிந்தாள். தேவையே இல்லாமல், நன்றாக, ஒரு முழம் குனிந்தாள். அந்தப் பக்கம் போய் நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள்.

"டேய்," என்றாள். "காது கிழியக் கத்தாதே. எனக்குக் கேக்குது."

*

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கல்யாணம் ஆயிற்று. சாட்சிக் கையெழுத்து அத்தைதான் போட்டாள். போட்டோவில் மாப்பிள்ளை நெற்றியில் புடைப்பு நன்றாகவே விழுந்திருக்கிறது. ஆறு மாதத்தில் மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலாகி இருவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். விரிசல் கண்ணாடியோடு பீரோவும் போயிற்று. அங்கே குடியிருப்பின் கேட்டில் இருவரும் குனிந்து போவதைப் பார்த்துக் காவல்காரரும் குனிய ஆரம்பித்திருக்கிறாராம். மகள் போனில் சொல்லிச் சிரித்தாள். பீரோவைப் போட்ட தொப்பைக்காரர், இந்தத் தெரு ரொம்பப் பிடித்துவிட்டது என்று முட்டைக்கடை அண்ணனின் மாடியில் குடிவந்துவிட்டார். வந்த வருஷமே முடிவெட்டும் கடைக்காரரின் விதவைத் தங்கையைக் கட்டிக்கொண்டார். வரைபடம் அச்சாகி வந்தது. புள்ளிக்கோடு இருக்கிறது.

அக்கா திரும்பிப் போகவில்லை. நாலு மாடி ஏற முட்டி விடவில்லை. ஆனால் ஒதுக்கீட்டு வீட்டை ஆறு மாதத்துக்கு மேல் பூட்டி வைத்தால் மாநகராட்சி எடுத்துக்கொள்ளும். அந்த விதியை எழுதியதும் யார் என்று நினைக்கிறீர்கள்? அக்காவும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் இரண்டு மாதம் இருந்து பார்த்தார்கள். ஃபேன் சுவிட்சு முதல் பல்பொடி வரை சண்டை. கடைசியில் ஓவர்சியர், "யாராவது ஒருத்தர் அங்க இருக்கணும்ல, நான் போறேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார். முன்வாசல் வழியாகத்தான் போனார். குனிந்துதான் போனார்.

அக்கா கீழ்வீட்டு ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் இப்போதெல்லாம் குரல் கொடுப்பதில்லை. நாலு மணிக்கு மிதியை நிறுத்திவிட்டு, நம்மைப் போலவே, காதை மேலே கொடுத்து உட்கார்ந்திருப்பாள். மேலேயிருந்து, வெறும் ஆகாயத்திலிருந்து, "தலை!" என்று கேட்கும். கரகரத்த ஆண்குரல்.

சுருதி கொஞ்சம் கட்டைதான். குனிகிறோம்.